ஏரிக்கு அடியில ஏழு மரம்!

படகுன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கொடைக்கானல் பெடல் போட்? பிச்சாவரத்துல துடுப்பு போட்டுட்டு மூணு நாள் தோள் வலியோட திரிஞ்சது? போன வருஷம் வரைக்கும் எனக்கும் அவ்வளவுதான். இப்போ படகுன்னாலே ஞாபகத்துக்கு வர்றது ஒரு 77 வயசு தாத்தா, ஒரு பை நிறைய அவிச்ச கடலை, அப்புறம்... தண்ணிக்கு அடியில வரிசையா உட்கார்ந்திருக்குற ஏழு மரக்கட்டை!

இடம்: அமெரிக்கா, ஜார்ஜியா மாநிலம், லேக் லேனியர். நான் எம்.எஸ். எலக்ட்ரிகல் படிக்கிற அட்லாண்டாவிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரம். 38,000 ஏக்கர் தண்ணீர். கை விரல், கால் விரல் என்று நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு கிடக்கும் இந்த ஏரியின் கரையை மட்டும் அளந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் துடுப்புப் படகுப் போட்டிகள் நடந்ததே, அது இங்கேதான். சம்மரில் வந்தால் நம்ம ஊர் தைப்பூசக் கூட்டம் மாதிரி படகுக் கூட்டம்!

ஆனா ஒரு விஷயம். இது இயற்கையான ஏரி கிடையாது. சட்டஹூச்சி ஆற்றுக்குக் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய பியூஃபோர்டு அணையால் உருவான நீர்த்தேக்கம். 1950ல் வேலை ஆரம்பித்து, 1956ல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் இங்கே இருந்தது வயல், வீடு, ரோடு, பாலம், சர்ச். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு வெளியேறின. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் எட்டு வயசுப் பையனாக இருந்தவர்தான் நம்ம ஹீரோ!

'சன், உனக்கு வயரிங் தெரியுமா?'

எங்க டிபார்ட்மென்ட் லேபில் பல வருஷம் டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர் அவர். இன்னமும் எப்பவாவது ஒரு டப்பா டோனட்டோடு லேபுக்கு வந்துவிடுவார். எல்லாப் பசங்களையும் 'சன்' என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை 'சார்' என்பேன். மனசுக்குள்ள மட்டும் தாத்தா!

ஒருநாள் வந்தவர், ''சன், உனக்கு வயரிங் தெரியுமா? ஒரு செகண்ட் ஹேண்ட் பாண்டூன் வாங்கியிருக்கேன். அதுல சோனார் மாட்டணும்'' என்றார்.

''மீன் பிடிக்கவா சார்?''

''இல்ல. எங்க அப்பாவோட தோட்டத்தைப் பார்க்கணும்.''

எனக்கு சட்டுன்னு எங்க ஆயா ஞாபகம் வந்துச்சு. நமக்கு சேலம் ஜில்லா. ஆயாவோட அம்மா பொறந்த ஊரு மேட்டூர் அணைக்குள்ள போனது. தண்ணி இறங்குற வருஷத்துல பண்ணவாடி பக்கம் நந்தி சிலை வெளியே தெரியுது, சர்ச் கோபுரம் தெரியுதுன்னு பேப்பர்ல போட்டோ வந்தா, ஆயா அதைக் கண்ணுக்குக் கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருக்கும். நாங்க சிரிப்போம். இங்க ஒருத்தர் அதே பார்வைக்காக ஒரு படகே வாங்கி வெச்சிருக்கார். எப்படிங்க முடியாதுன்னு சொல்றது?

எஃப்-1 விசாவில் இருப்பதால் காசுக்கு வேலை செய்யக் கூடாது. ''அப்போ சாப்பாடு போட்டுடறேன்'' என்றார். டீல் ஓகே!

மிதக்கும் மொட்டைமாடி

பாண்டூன்னா என்னன்னு சொல்லிடறேன். ரெண்டு நீளமான அலுமினியக் குழாய். உள்ளே காற்றடைத்த அறைகள், முனைகள் எல்லாம் மூடி சீல் வைத்திருக்கும். அதுமேல சமமா ஒரு மேடை, சுத்தி கிராதி, உள்ளே சோபா, மேல ஒரு பந்தல். சுருக்கமா, ஒரு மொட்டைமாடியைக் கழட்டித் தண்ணியில விட்ட மாதிரி இருக்கும். 1950களின் தொடக்கத்தில் மின்னசோட்டா மாநிலத்தில் ஆம்ப்ரோஸ் வீர்ஸ் என்கிற விவசாயி, உலோக பேரல்களை வரிசையாக இணைத்து அதுமேல் மரப்பலகை போட்டு மிதக்கவிட்டதில் ஆரம்பித்தது இந்த சமாச்சாரம். விவசாயி மூளைக்கு ஒரு சல்யூட்!

தாத்தாவின் பாண்டூன் 20 அடி நீளம். பின்னால் 40 ஹெச்.பி. அவுட்போர்டு மோட்டார்.

என் ரூம்மேட் மதுரைக்காரன். படகைப் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி: ''மச்சான், இதுக்கு 150 ஹெச்.பி. மாட்டுனா பறக்கும்ல?''

தாத்தாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, படகில் ஒட்டியிருந்த ஒரு தகட்டைக் காட்டினார். இந்தப் படகு அதிகபட்சம் எத்தனை ஆள், எவ்வளவு எடை, எத்தனை ஹெச்.பி. தாங்கும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. அதைத் தாண்டக் கூடாது. அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார்:

''எல்லாரும் 'எவ்வளவு வேகமா போகும்'னுதான் கேக்குறாங்க. 'எவ்வளவு மெதுவா, எவ்வளவு நேரா போகும்'னு யாருமே கேக்குறதில்ல. நமக்கு வேண்டியது அதுதான்.''

அப்போ எங்களுக்கு அது புரியலை. ரெண்டு வாரம் கழிச்சு நல்லா புரிஞ்சுது!

பாய் முடையற மெஷின்

சாதாரண மீன் சோனார், ஒலியை நேர் கீழே டார்ச் மாதிரி அடிக்கும். எதிரொலி திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். தண்ணீரில் ஒலி நொடிக்குக் கிட்டத்தட்ட 1,480 மீட்டர் போகும். காற்றில் போவதை விட நாலு மடங்குக்கு மேல்!

சைடு இமேஜிங் அப்படி இல்லை. படகுக்கு இடதும் வலதுமாக ரெண்டு விசிறியை விரித்த மாதிரி ஒலியை அடிக்கும். பக்கவாட்டில் அகலம், ஆனால் முன்னும் பின்னும் காகிதம் மாதிரி மெல்லிசு. ஒவ்வொரு தடவை ஒலி போய்த் திரும்பும்போதும் திரையில் ஒரே ஒரு கோடு விழும். படகு கொஞ்சம் நகர்ந்ததும் அடுத்த கோடு. நம்ம பத்தமடையில கோரையை ஒண்ணொண்ணா கோர்த்துப் பாய் முடையற மாதிரிதான். ஆயிரம் கோடு சேர்ந்தால் ஏரியின் தரை ஒரு போட்டோவாக வந்து நிற்கும். பாறை, கான்க்ரீட் மாதிரி கெட்டியான பொருள் பளிச்சென்று தெரியும். சேறு மங்கலாகத் தெரியும். உயரமாக எது நின்றாலும் அதுக்குப் பின்னால் ஒலி போகாது, கறுப்பாக நிழல் விழும். அந்த நிழலின் நீளத்தை வைத்து பொருளோட உயரத்தைக் கணக்குப் போடலாம். பத்தாம் கிளாஸ்ல 'வடிவொத்த முக்கோணம்' எதுக்குடா படிக்கிறோம்னு திட்டினோமே... இதுக்குத்தான்!

1950களில் கடற்படை கண்ணிவெடி தேடுவதற்காக உருவாக்கிய டெக்னிக் இது. 1960களில் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரால்டு எட்ஜர்ட்டன் மாதிரியானவர்கள் மூழ்கிய கப்பல்களைத் தேட இதைப் பயன்படுத்தினார்கள். சாதாரண மீன்பிடி படகுக்கு 2005ல் கொண்டு வந்தது ஹம்மின்பேர்டு நிறுவனம். அந்தக் கம்பெனியோட ஊர் எது தெரியுமா? அலபாமா மாநிலத்து யூஃபாலா. இதே சட்டஹூச்சி ஆற்றின் கீழ்ப்பக்கம், இன்னொரு அணைத் தேக்கத்தின் கரையில் இருக்கும் ஊர். ஒரே ஆறு. மேலே ஒரு ஏரி தோட்டத்தை மூழ்கடிச்சுது, கீழே ஒரு ஊர் அதைப் பார்க்கக் கண்ணு செஞ்சு கொடுத்துச்சு!

படகு எடுத்த செல்ஃபி

முதல் சனிக்கிழமை. டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் அந்தக் கறுப்புக் கட்டையை, எங்கே மாட்டுவது? ரெண்டு குழாய்க்கும் நடுவில், மேடைக்கு அடியில் மாட்டினால் பத்திரமாக இருக்குமே என்று நான் ஐடியா கொடுத்தேன். எலக்ட்ரிகல் மாணவனாச்சே, எல்லாரும் நம்பிட்டாங்க!

ஏரியில் இறக்கி ஸ்விட்சைப் போட்டோம். திரையில் இடது பக்கம் ஒரு பளிச் சுவர், வலது பக்கம் ஒரு பளிச் சுவர். எங்கே போனாலும் கூடவே வருது! ரூம்மேட் பயந்துட்டான். ''மச்சான், தண்ணிக்குள்ள மதில் சுவர் கட்டி வெச்சிருக்காங்கடா!''

தாத்தா கண்ணாடியைக் கழட்டித் துடைத்து மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ''அது மதில் இல்ல. நம்ம படகோட குழாய். படகு தன்னைத்தானே போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கு.''

உலகத்தின் முதல் சோனார் செல்ஃபி எடுத்தது நாங்களாகத்தான் இருப்போம்! ஒலி பக்கவாட்டில் போகணும், ஆனா ரெண்டு பக்கமும் அலுமினியக் குழாய் மறைக்குது. அதுதான் பாண்டூனில் உள்ள ஸ்பெஷல் சிக்கல்.

அடுத்த வாரம் திருத்தினோம். ஒரு குழாயின் பின்முனையில் ஏற்கெனவே வெல்டு செய்திருந்த தகட்டில் ஒரு அலுமினியக் கையை போல்ட் போட்டு, டிரான்ஸ்டியூசர் குழாயின் அடிமட்டத்தை விட ரெண்டு அங்குலம் கீழே தொங்குகிற மாதிரி வைத்தோம். ஏதாவது தட்டினால் உடையாமல் மேலே மடங்கிக்கொள்ளும் டைப். குழாயில் மட்டும் ஓட்டை போடவே இல்லை. அது மிதப்பதே உள்ளே இருக்கிற காற்றால்தானே? அதுல துளை போடுறது, நாம உட்கார்ந்திருக்கிற கிளையை நாமே வெட்டுற கதை. ஸ்டீல் போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலான் வாஷர் வைத்தோம். ரெண்டு உலோகம் ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும்.

குழாய் மறைப்பது தீர்ந்தது. ஆனால் இப்போது ஒரு பக்கத்துப் படம் மட்டும் பாழ். நடுவில் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரின் கால் ஒலியை மறைக்கிறது! போதாததற்கு ப்ரொப்பெல்லர் கிளப்பும் காற்றுக் குமிழிகள் வேறு. அவுட்போர்டை மேலே தூக்கினால் படம் வரும். ஆனா தூக்கினா படகு எப்படி நகரும்?

மெதுவா போற மோட்டார்

இங்கேதான் ரெண்டாவது மோட்டார் வந்தது. ட்ரோலிங் மோட்டார். பேட்டரியில் ஓடும், முன்பக்கம் மாட்டும், சத்தமே வராது. இதில் ஹெச்.பி. கணக்கு கிடையாது. எவ்வளவு பவுண்டு விசையோடு தள்ளும் என்பதுதான் கணக்கு. 100 பவுண்டு எடைக்குக் குறைந்தது 2 பவுண்டு தள்ளுவிசை என்பது பொதுவான கணக்கு. எங்க படகு, மோட்டார், பேட்டரி, ஆட்கள், கடலைப் பை எல்லாம் சேர்ந்து சுமார் 3,000 பவுண்டு, அதாவது 1,360 கிலோ. அப்போ 60 பவுண்டு போதும், இல்லையா?

போதாது! பாண்டூன் தண்ணீருக்குள் கொஞ்சம்தான் இருக்கும். கிராதி, சோபா, பந்தல் எல்லாம் வெளியே. காற்றடித்தால் படகு பாய்மரம் ஆகிவிடும். அதனால் 24 வோல்ட், 80 பவுண்டு மோட்டார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் பிடித்தார் தாத்தா. மின் கோட்டா கம்பெனியோடது. மின்னசோட்டா, டகோட்டா ரெண்டு மாநிலத்தையும் ஒட்டவைத்த பேர் அது! ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்தால் 24. முன்மேடை தண்ணீரிலிருந்து உயரமாக இருப்பதால் நீளமான தண்டு உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். இல்லாவிட்டால் அலை வரும்போதெல்லாம் ப்ரொப்பெல்லர் வெளியே வந்து வெட்டியாகச் சுத்தும்.

இதில் ஜி.பி.எஸ். இருக்கிறது. 'இந்தத் திசையில் நேரா போ' என்று சொன்னால் காற்று தள்ளினாலும் தானே திரும்பித் திரும்பிக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும். 'இங்கேயே நில்லு' என்றால் நங்கூரம் போடாமலே நிற்கும்.

அன்று நான் இன்னொரு தப்பும் செய்தேன். சோனாருக்கு மின்சாரம் ட்ரோலிங் பேட்டரியில் ஒன்றிலிருந்து எடுத்தேன். மோட்டார் ஓடியதும் திரை முழுக்கப் புள்ளி மழை! பழைய டி.வி.யில் ஆன்டெனா திரும்பினால் வருமே, அதே மாதிரி. சோனாருக்குத் தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி, தனி ஃப்யூஸ், மோட்டார் வயரை விட்டுத் தள்ளித் தனிப் பாதையில் கேபிள் என்று மாற்றினேன். மழை நின்றது. தாத்தா என் முதுகில் தட்டினார். ''இப்போதான் நீ இன்ஜினீயர்!''

டிகிரி வாங்கினப்போ கூட இவ்வளவு சந்தோஷம் வரலைங்க!

பேய் ஊரும் நிஜ ஊரும்

லேனியரைப் பற்றி நெட்டில் தேடினால் பேய்க்கதையாகக் கொட்டும். தண்ணிக்கு அடியில் ஒரு முழு ஊர் அப்படியே நிற்கிறது, சர்ச் மணி கேட்கிறது, கை வந்து காலைப் பிடித்து இழுக்கிறது... ரூம்மேட் எல்லா வீடியோவையும் பார்த்துவிட்டு லைஃப் ஜாக்கெட்டை ரெண்டு தடவை செக் பண்ணினான்!

உண்மை வேற. தண்ணீரைத் தேக்குவதற்கு முன் பெரும்பாலான கட்டடங்களை இடித்தோ பெயர்த்தோ எடுத்துவிட்டார்கள். தெரிந்த கல்லறைகளையும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அடியில் மிச்சம் இருப்பது அஸ்திவாரம், பழைய ரோடு, பால அடித்தளம், ஆழத்தில் வெட்டாமல் விட்ட மரங்கள். இங்கே வருஷா வருஷம் உயிர்ப்பலி நடப்பது நிஜம். அதுக்குப் பேய் தேவையே இல்லை. லைஃப் ஜாக்கெட் போடாதது, குடித்துவிட்டு ஓட்டுவது, சட்டென்று ஆழமாகும் தரை, கூட்ட நெரிசல்... இதுவே போதும்.

சோனாரை முதலில் சோதித்துப் பார்த்தது கெயின்ஸ்வில் பக்கம் லாரல் பார்க் அருகே. அங்கே லூப்பர் ஸ்பீட்வே என்கிற மண் ரேஸ் டிராக் மூழ்கியிருக்கிறது. 2007ல் கடும் வறட்சி வந்து ஏரி இருபது அடிக்கு இறங்கியபோது அதன் கேலரிப் படிகள் வெளியே தெரிந்தன. எங்க திரையிலும் கோடு கோடாகப் படிகள் வந்தப்போ மூணு பேரும் கத்தினோம்!

திரும்பும்போது ரூம்மேட் கேட்டான்: ''சார், ஆஸ்கர்வில் ஆஸ்கர்வில்னு சொல்றாங்களே, அது எந்தப் பக்கம்?''

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மேற்குக் கரையைக் காட்டினார். ஃபோர்சைத் கவுன்டி. 1912ல் அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் கொலை செய்யப்பட்டாள். ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின இளைஞரைக் கும்பல் அடித்துக் கொன்றது. பதின்வயதுப் பையன்கள் ரெண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள். பிறகு அந்தக் கவுன்டியில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் அத்தனை பேரையும் மிரட்டியும் தீ வைத்தும் விரட்டினார்கள். ஆஸ்கர்வில் அவர்கள் வாழ்ந்த பகுதிகளில் ஒன்று. அந்த நிலத்தில் ஒரு பகுதி பின்னால் இந்த ஏரிக்குள் போனது. 2016ல் பேட்ரிக் ஃபிலிப்ஸ் எழுதிய 'பிளட் அட் தி ரூட்' என்கிற புத்தகம் இந்த வரலாற்றை விவரமாகச் சொல்கிறது.

''ஊரை ஏரி முழுங்கிடுச்சுன்னு சொல்றாங்க'' என்றார் தாத்தா. ''ஏரி வந்தது நாப்பத்து நாலு வருஷம் கழிச்சு. அவங்களை முழுங்கினது தண்ணி இல்ல, மனுஷங்க. எங்க அப்பாவுக்கு கவர்மென்ட் செக் கொடுத்துச்சு. குறைச்சல்னு அவர் சாகுற வரைக்கும் திட்டினார். அவங்கள்ல பல பேருக்கு அந்தக் குறைஞ்ச செக்கும் கிடைக்கல.''

நான் திரையைப் பார்த்தேன். மங்கலான சேறு, நாலு கல். ஒலி போய்த் திரும்பி வந்து உருவத்தைச் சொல்லும். அது யாருடைய கல் என்று சொல்லாது. அதை நாமதான் படிச்சுத் தெரிஞ்சுக்கணும். அன்னைக்கு அப்புறம் ரூம்மேட் பேய் வீடியோ பார்க்கறதை விட்டுட்டான்.

எட்டா? ஏழா?

அக்டோபர் கடைசி ஞாயிறு. சம்மர் கூட்டம் போயிருந்தது. காலை பனிமூட்டம். கரையில் இலையெல்லாம் சிவப்பு, மஞ்சள். படகை நான் ஓட்டுகிறேன்! 1998 ஜனவரி 1ம் தேதி அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஜார்ஜியாவில் மோட்டார் படகு ஓட்ட ஒரு பாதுகாப்பு கோர்ஸ் முடித்திருக்க வேண்டும். நான் பிறந்தது 2001. ஆன்லைனில் படித்து பாஸ் பண்ணிவிட்டேன். தாத்தாவுக்கு அந்தச் சட்டம் கிடையாது. ''வயசானதுல ஒரே லாபம் இதுதான்'' என்று கண்ணடித்தார்.

தோட்டம் எங்கே என்பதை லேபில் உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தேன். அமெரிக்க நில அளவை நிறுவனம் பழைய வரைபடங்களை எல்லாம் இலவசமாக நெட்டில் போட்டிருக்கிறது. அணைக்கு முந்தைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தினால், பழைய ரோடு போய் ஏரிக்குள் இறங்குவது தெரியும். ரோடு ஒரு ஓடையைத் தாண்டி வளையும் இடத்தில் சின்னதாக ஒரு கறுப்புச் சதுரம். வீடு!

''வீட்டுக்குப் பின்னாடி அப்பா வரிசையா பெக்கன் மரம் நட்டிருந்தார். எட்டு மரம். காலி பண்றதுக்கு முன்னாடி வெட்டிட்டாங்க. அடிக்கட்டை மட்டும் இருக்கும்'' என்று சொல்லியிருந்தார்.

அந்த இடம் வந்ததும் அவுட்போர்டை நிறுத்தி மேலே தூக்கினோம். ட்ரோலிங் மோட்டாரை இறக்கினோம். மணிக்கு ஆறு கிலோமீட்டர், மெதுவான ஓட்டம். ஆழம் 30 அடி. ஒவ்வொரு பக்கமும் 100 அடி தூரம் பார்க்கிற மாதிரி செட் பண்ணினேன். படகு நூல் பிடித்த மாதிரி போகிறது. சத்தமே இல்லை. திரையில் பாய் முடைய ஆரம்பித்தது.

முதலில் ரோடு வந்தது. ரெண்டு ஓரமும் பள்ளம், நடுவில் வழவழப்பு. தாத்தா சோபாவிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அப்புறம் ஓடைத் தடம். அப்புறம்... ஒரு செவ்வகம். கல் அஸ்திவாரம். ஒரு மூலையில் குவியலாகக் கல்.

''புகைபோக்கி'' என்றார் மெதுவாக. ''அது பக்கத்துலதான் நான் படுப்பேன்.''

அப்புறம் புள்ளி புள்ளியாக வரிசையாக வந்தது. சம இடைவெளி. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் குட்டியாக ஒரு நிழல். காட்டுல மரம் இப்படி அளந்து வெச்சு முளைக்காது. இது மனுஷன் நட்டது.

ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறு.

''ஆறுதான் தெரியுது சார்'' என்றேன். அவர் முகம் சின்னதாகிப்போச்சு. எனக்குத் தாங்கலை. அப்போதான் தோணுச்சு. ஒலி போகிற கோணத்தில் ஒன்றை இன்னொன்று மறைத்திருக்கலாம், நிழலுக்குள் விழுந்திருக்கலாம். படகைத் திருப்பி, வரிசைக்கு மறுபக்கத்திலிருந்து இன்னொரு ஓட்டம் ஓட்டினோம். கல் குவியலின் நிழல் இப்போது எதிர்ப்பக்கம் விழுந்தது. அது மறைத்து வைத்திருந்த இடத்தில் இன்னொரு கட்டை!

''ஏழு!'' ரூம்மேட்தான் கத்தினான்.

மூணாவது ஓட்டமும் ஓட்டினோம். எட்டாவது வரவே இல்லை. தாத்தா விரலால் திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு சிரித்தார். ''நான் தப்பா எண்ணியிருப்பேன் சன். எட்டு வயசுல எதைக் கேட்டாலும் எட்டுன்னுதான் சொல்லுவேன்!''

திரையில் அந்தச் செவ்வகத்தின் மேல் குறியை வைத்து இடத்தைப் பதிவு பண்ணினேன். ட்ரோலிங் மோட்டாருக்கு 'இங்கேயே நில்லு' கட்டளை. காற்று தள்ளத் தள்ள மோட்டார் மெல்ல முனகிக்கொண்டு படகைப் பிடித்து நிறுத்தியது. 30 அடிக்குக் கீழே அவர் வீடு. அது வாசலுக்கு மேலே நாங்க.

தாத்தா தொப்பியைக் கழட்டி மடியில் வைத்துக்கொண்டார். யாரும் பேசலை. கொஞ்ச நேரம் கழித்து அவிச்ச கடலைப் பையைப் பிரித்து நடுவில் வைத்தார். தோலோடு உப்புத் தண்ணியில வெந்த கடலை. ஜார்ஜியாவில் ரோட்டோரம் விக்கிற ருசி, அப்படியே எங்க ஊரு சந்தை ருசி. ''அம்மா இதை அந்தப் புகைபோக்கி அடுப்புலதான் அவிப்பாங்க'' என்றார்.

அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்ததும் ஊருக்கு போன் போட்டேன். ''ஆயா, உங்க அம்மா ஊர்ல வீட்டுப் பக்கத்துல என்ன மரம் இருந்துச்சாம்?''

''என்னத்துக்குடா சாமி இப்ப கேக்குற?'' என்று ஆரம்பித்த ஆயா, ஒரு மணி நேரம் பேசுச்சு. நான் பேப்பர் எடுத்து எழுதிக்கிட்டேன். புளியமரம், கிணறு, கிணத்துக்கு மேக்கால ஒரு மாட்டுக் கொட்டாய்...

ஃப்ரெண்ட்ஸ், உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆயாவோ தாத்தாவோ இருப்பாங்க. சோனார், மோட்டார் எல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம். மொதல்ல போய்ப் பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. மெதுவா கேளுங்க. ஒரு தடவையில ஆறுதான் கிடைக்கும். திருப்பிக் கேட்டா ஏழாவது வரும்!

பாண்டூன்ல சோனார் மாட்டப்போறீங்களா? அஞ்சே அஞ்சு டிப்ஸ்!

* டிரான்ஸ்டியூசர் குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே, ரெண்டு பக்கமும் மறைப்பில்லாமல், தண்ணீர் மட்டத்துக்குச் சமமாக இருக்கணும். குழாயில் ஓட்டை? மூச்!

* சோனாருக்குத் தனி பேட்டரி, தனி ஃப்யூஸ். மோட்டார் வயரோடு ஒன்றாகக் கட்டாதீங்க.

* ட்ரோலிங் மோட்டார் வாங்கும்போது எடைக் கணக்கு போட்டு, அதுக்கு மேல காற்றுக்கும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க.

* ஸ்கேன் பண்ணும்போது மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர், நேர்கோடு. வளைஞ்சா படமும் வளையும். ஒரே இடத்தை ரெண்டு பக்கத்திலிருந்தும் பாருங்க.

* அடியில் எது தெரிந்தாலும் பார்க்கத்தான் செய்யணும். முங்கி எடுக்க ஆசைப்படக் கூடாது. இந்த மாதிரி அரசு நீர்த்தேக்கங்களில் பழைய பொருட்களை அள்ளுவது சட்டப்படி குற்றம். லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டவே கழட்டாதீங்க, ப்ளீஸ்!